வாசகர் கேள்வி – பதில்: காற்றுவேகமானியின் நிறங்கள் சொல்வதும் சொல்லாததும்

சிறு விமானங்களின் வேகங்காட்டும் கருவி பற்றித் திருகோணமலை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதிலளிக்கிறோம்.

கேள்வி: நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறேன். சிறு விமானமொன்றின் விமானி அறைப் படத்தில், வேகங்காட்டும் வட்டக் கருவியின் ஓரத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள் நிற வளைவுகளும் ஒரு சிவப்புக் கோடும் இருப்பதைக் கண்டேன். இவை எவற்றைக் குறிக்கின்றன? வெள்ளையும் பச்சையும் ஏன் ஓரிடத்தில் ஒன்றாக ஓடுகின்றன?
— மாணவர், உவர்மலை

பதில்: அந்தக் கருவியைக் காற்றுவேகமானி என்பார்கள். அது எதை அளக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் நிறங்களின் பொருள் எளிதில் விளங்கும். இறக்கையின் கீழே முன்னோக்கி நீண்டிருக்கும் பிற்றோ குழாயின் வாய்க்குள் எதிர்க்காற்று வந்து முட்டும்போது அங்கே உண்டாகும் அமுக்கத்தையும், விமான உடலின் பக்கவாட்டிலுள்ள சிறு துளைவழி கிடைக்கும் சுற்றுப்புறக் காற்றின் அமுக்கத்தையும் கருவி ஒப்பிடுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திற்கு ஏற்ப மெல்லிய உலோக உறையொன்று விரிய, அதனோடு பிணைந்த முள் நகர்கிறது. 1732இல் பிரான்ஸ் நாட்டவரான ஆன்றி பிற்றோ சேன் ஆற்றின் நீரோட்டத்தை அளக்கக் கையாண்ட முறைதான் இது. கடல்மட்டத்தில் 100 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு 185 கிலோமீற்றரில், இந்த அமுக்க வித்தியாசம் 16.5 சென்ரிமீற்றர் உயரமான நீர்நிரலின் அமுக்கத்திற்குத்தான் சமம். 50 நொட்டில் அது பாதியாகக் குறைவதில்லை. காற்பங்காகி, ஏறத்தாழ 4 சென்ரிமீற்றருக்கு இறங்கிவிடுகிறது. அமுக்கம் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறுவதே இதற்குக் காரணம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல இடங்களில் இது திரும்ப வரும்.

இனி நிறங்கள். பயிற்சிப் பள்ளிகளில் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172எஸ் விமானத்தின் கருவியை எடுத்துக்கொள்வோம். அதில் வெள்ளை வில் 40 நொட்டில் தொடங்கி 85 நொட்டில் முடிகிறது. இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் ஃபிளாப் தட்டுகளை முழுமையாக இறக்கிப் பறக்கக்கூடிய வேக எல்லை அது. 85ஐத் தாண்டிய வேகத்தில் அவற்றை முழுதாக இறக்கினால் காற்றின் விசை அவற்றின் மூட்டுகளையும் தாங்கிகளையும் சிதைக்கலாம். கீழ்முனையான 40, ஃபிளாப் முழுதும் இறங்கிய நிலையில் விமானம் ஸ்டோல் ஆகும் வேகம். ஸ்டோல் என்பது எஞ்சின் நின்றுபோவதன்று. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவு மீறியதால், மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிரிந்து, தூக்குவிசை சட்டென்று குறையும் நிலைக்கே அந்தப் பெயர்.

பச்சை வில் 48 முதல் 129 வரை. ஃபிளாப் இறக்காதபோது ஸ்டோல் ஆகும் வேகம் 48. வழக்கமான பறப்பின் மேல்வரம்பு 129. மஞ்சள் 129இலிருந்து 163 வரை: காற்று சீராக உள்ளபோது மட்டும், அதுவும் எச்சரிக்கையோடு செல்லவேண்டிய பகுதி. 163இல் நிற்கும் சிவப்புக் கோட்டை எந்த நிலையிலும் மீறக்கூடாது. ஃபிளாப் இறங்கிய இறக்கை அதிக வளைவு பெற்று, குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்குவதால் வெள்ளை பச்சைக்கு முன்னதாகவே தொடங்குகிறது. 48க்கும் 85க்கும் இடையில் ஃபிளாப் இறக்கியும் பறக்கலாம், இறக்காமலும் பறக்கலாம் என்பதால் அங்கே இரண்டும் ஒன்றாக ஓடுகின்றன.

வெள்ளையின் மேல்முனை ஃபிளாப் முழுதாக இறங்கிய நிலைக்கு உரியது. இதே விமானத்தில் முதல் 10 பாகை ஃபிளாப்பை 110 நொட்டிலேயே இறக்கலாம் என்று விமானக் கையேடு அனுமதிக்கிறது. அந்த 110 கருவியின் முகத்தில் எங்கும் இல்லை.

கேள்வி: என் மகன் விமானம் ஓட்டப் பழகுகிறான். முள் பச்சைக்குள் நிற்கும்வரை விமானம் ஸ்டோல் ஆகாது என்று எனக்குத் தைரியம் சொல்கிறான். அதை நம்பலாமா?
— தாயொருவர், உப்புவெளி

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வது ஒரு நிலைமைக்கு மட்டுமே பொருந்தும். அதை அவர் விரைவில் சரியாக விளங்கிக்கொள்வது மிக முக்கியம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பச்சையின் தொடக்கமான 48 நொட், விமானம் அனுமதிக்கப்பட்ட முழு எடையோடு, இறக்கைகள் சமமாக, எஞ்சின் விசை குறைக்கப்பட்டு, திரும்பாமலும் இழுபடாமலும் நேராகப் பறக்கும்போது அளந்து குறித்த எண். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும்போது, தன் எடையைத் தாங்குவதோடு திருப்பத்திற்கு வேண்டிய விசையையும் இறக்கை கொடுக்கவேண்டியிருக்கிறது. ஆகவே அதன்மேல் விழும் சுமை கூடுகிறது. உயரத்தை இழக்காமல் 60 பாகை சாய்வில் திரும்பினால் சுமை எடையைப்போல் இரண்டு மடங்கு. ஸ்டோல் வேகம் சுமையின் வர்க்கமூலத்திற்கு ஏற்பக் கூடுவதால் 48 என்பது 68 ஆகிவிடும். 45 பாகையில் அது 57, 30 பாகையில் 52. முள் 60இல், பச்சைக்குள் நன்றாகவே நிற்கையில், விமானி 60 பாகை சாய்த்து, மூக்கை உயர்த்தக் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னிழுத்தால் அந்த விமானம் ஸ்டோல் ஆகும். கருவியில் எந்த நிறமும் அதற்காக மாறப்போவதில்லை.

இது எங்கே உயிரைப் பறிக்கிறது என்றால், தரையிறங்குவதற்கு முன் ஓடுபாதைக்கு நேராக வரும் கடைசித் திருப்பத்தில். பின்னால் காற்றுத் தள்ளுவதால் விமானி ஓடுபாதையின் கோட்டைத் தாண்டிச் செல்கிறார். திரும்பிப் பிடிக்கும் அவசரத்தில் சாய்வைக் கூட்டுகிறார், மூக்கு தாழ்கிறதே என்று பின்னிழுக்கிறார். அந்த உயரத்தில் விமானத்தை மீட்க இடமிருப்பதில்லை. பயிற்றுநர்கள் இந்தத் திருப்பத்தில் சாய்வை 30 பாகைக்குள் வைத்துக்கொள்ளவும், தாண்டிப்போனால் விட்டுவிட்டு மீண்டும் சுற்றிவரவும் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. மகனிடம் நீங்கள் ஒன்றைக் கேட்கலாம்: ‘45 பாகையில் உன் பச்சை எங்கே தொடங்குகிறது?’ கருவியைப் பார்க்காமல் 57 என்று அவர் சொல்வாரானால், அவருக்குச் சரியாகவே கற்பித்திருக்கிறார்கள்.

எடை குறைந்தால் எதிர்த்திசையில் நடக்கும். தனியாகப் பறக்கும் மாணவரின் விமானம் 48க்குக் கீழும் பறக்கும். அது ஆறுதலான செய்தி என்றாலும், அதை நம்பி வேகத்தைக் குறைத்துக்கொள்வது சரியன்று.

கேள்வி: தரையிறங்க வரும்போது ஸ்டோல் வேகத்தின் 1.3 மடங்கில் வரவேண்டும் என்று படித்தேன். செஸ்னா 172எஸ்ஸின் வெள்ளை வில் 40இல் தொடங்குகிறது. பெருக்கினால் 52 வருகிறது. கையேட்டிலோ குறுகிய ஓடுபாதையில் முழு ஃபிளாப்புடன் இறங்க 61 நொட் என்றிருக்கிறது. எது சரி?
— பயிலுநர், சாம்பல்தீவு

பதில்: கையேடுதான் சரி. இக்கேள்வியைக் கேட்டதற்கு உங்களைப் பாராட்டவேண்டும். 52 நொட்டில் இறங்க வருவது ஆபத்தானது.

விமானம் மிக மெதுவாகப் பறக்கும்போது மூக்கு உயர்ந்திருக்கிறது. அப்போது எதிர்க்காற்று பிற்றோ குழாயின் வாய்க்கு நேராக வராமல் கீழிருந்து சரிவாக வருகிறது. பக்கத் துளையின் அருகே காற்றோட்டமும் மாறுகிறது. இதனால் முள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டுகிறது. ஃபிளாப் இறங்கிய நிலையில் முள் 40 காட்டும்போது, பிழையைத் திருத்திய வேகம் 48. ஃபிளாப் இல்லாமல் முள் 48 காட்டும்போது திருத்திய வேகம் 53. 1.3ஆல் பெருக்குவதைத் திருத்திய வேகத்தில்தான் செய்யவேண்டும்: 48ஐ 1.3ஆல் பெருக்கினால் 62 வரும். அந்த வேகத்தில் மூக்கு அவ்வளவு உயர்ந்திராததால் கருவியின் பிழையும் மிகச் சிறிதாகிவிட, முள் ஏறத்தாழ 61இல் நிற்கும். கையேட்டின் எண்ணும் அதுவே.

ஆகவே வில்லின் முனையிலுள்ள எண்ணை எடுத்து நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். விமானக் கையேட்டில், முள் காட்டும் வேகத்திற்கும் திருத்திய வேகத்திற்கும் ஓர் அட்டவணை இருக்கும். கணக்கு அங்கிருந்து தொடங்கவேண்டும்.

கேள்வி: நான் படகோட்டுபவன். கச்சான் காற்று பலமாக வீசும் நாட்களில் சீனக்குடாவில் இறங்கவரும் சிறு விமானம் வானத்தில் நின்றுவிட்டதுபோல் மெதுவாக வருகிறது. அப்போது முள் குறைந்த வேகத்தையா காட்டும்?
— கிண்ணியா வாசகர்

பதில்: இல்லை. முள் அமைதியான நாளில் காட்டும் அதே வேகத்தைத்தான் காட்டும். எதிர்நீரோட்டத்தில் உங்கள் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினாலும் கரையிலுள்ள மரங்கள் மெதுவாகத்தானே பின்னோக்கிச் செல்கின்றன? அதைப் போலவே விமானமும் காற்றுக்குள் 65 நொட்டில் பறந்துகொண்டு, 25 நொட் கச்சானுக்கு எதிரே தரைமீது 40 நொட்டில், மணிக்கு 74 கிலோமீற்றரில், நகர்கிறது. சீனக்குடாவின் ஓடுபாதை வடகிழக்கு – தென்மேற்காக அமைந்திருப்பதால், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சானுக்கு முகங்கொடுத்து இறங்கமுடிகிறது. இறக்கைக்குத் தெரிந்தது காற்றின் வேகம் மட்டுமே. தரையைப் பார்த்து ‘மெதுவாகப் போகிறோம்’ என்றோ, பின்காற்றில் ‘வேகமாகப் போகிறோம்’ என்றோ விமானி எண்ணி முள்ளைக் கவனியாது விட்டால் மேலே சொன்ன கடைசித் திருப்பத்து விபத்தில் மாட்டிக்கொள்வார்.

படகிலுள்ள ஜி.பி.எஸ். காட்டுவது தரைக்குரிய வேகம். அதை விமானத்தில் வைத்தாலும் தரைக்குரிய வேகத்தையே காட்டும். இன்னொரு வேறுபாடும் உண்டு. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைவதால், ஒரே அமுக்கத்தைப் பெற விமானம் அதிக வேகமாகப் பறக்கவேண்டும். பிதுருதலாகலையின் உச்சியை ஒத்த 8000 அடி உயரத்தில் முள் 110 காட்டினால், காற்றினூடே விமானத்தின் உண்மை வேகம் ஏறத்தாழ 124 நொட். திருகோணமலையின் 34 பாகை வெயிலில் கடல்மட்டத்திலேயே ஏறத்தாழ 3 வீத வேறுபாடு இருக்கும். ஆனால் ஸ்டோல் ஆவதும் அதே அமுக்கத்தைப் பொறுத்தது என்பதால், எந்த உயரத்திலும் முள் ஏறத்தாழ அதே எண்ணில்தான் நிற்கும். வில்களை உயரத்திற்கு உயரம் மாற்றாமல் ஒருமுறை வரைந்து வைக்க முடிவது இதனாலேயே.

கேள்வி: மஞ்சள் பகுதியில் சீரான காற்றில் மட்டும் பறக்கலாம் என்கிறார்கள். காற்று குலுக்கினால் என்ன நடந்துவிடும்? பச்சைக்குள் வந்துவிட்டால் போதுமா?
— ஆசிரியர், தம்பலகாமம்

பதில்: 129 நொட்டிலிருந்து 163 நொட்டுக்குப் போகையில் வேகம் கால்வாசிக்குச் சற்றே கூடுதலாக உயர்கிறது, ஆனால் இறக்கை சந்திக்கும் காற்றமுக்கம் 60 வீதம் கூடிவிடுகிறது. அந்த வேகத்தில் நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்று இறக்கையைக் கீழிருந்து அடித்தால் விமானத்தின் கட்டமைப்பு தாங்கவேண்டிய சுமையும் மேலும் கூடும். கச்சான் காலத்து நண்பகலில், காய்ந்த வயல்வெளிக்கும் கடலுக்கும் இடையே பறப்பவர்களுக்கு அந்த அடி எப்படியிருக்கும் என்பது நன்றாகத் தெரியும். சிவப்புக் கோட்டுக்கு அப்பால் இருப்பது வேறுவகை ஆபத்து: இறக்கையோ வாலோ தானாகவே படபடவென்று அதிரத் தொடங்கி, சில வினாடிகளில் முறிந்துவிடக்கூடும். அதனால்தான் மூக்கைத் தாழ்த்திக் கீழ்நோக்கிப் பாயும் சோதனையில் நிறுவிய வேகத்தின் 90 வீதத்திற்கு மேற்படாமல் அந்தக் கோட்டை வரைகிறார்கள். மிச்சமுள்ள 10 வீதம் விமானிக்குரியதன்று.

பச்சைக்குள் வந்துவிட்டால் போதுமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: கடுமையான குலுக்கலில் போதாது. இன்னும் குறைக்கவேண்டிய வேகம் ஒன்று உண்டு. அதற்குக் கருவியில் நிறமோ கோடோ இல்லை. கட்டுப்பாடுகளைத் திடீரென முழுதாக இயக்குவதற்கான எல்லை வேகம் அது. குலுக்கலில் விமானிகள் அதற்குக் கீழே இறங்கிவிடுவார்கள். 172எஸ்ஸில் முழு எடையான 1157 கிலோகிராமுக்கு அது 105 நொட். அந்த வேகத்திற்குக் கீழே பெரிய அடி விழுந்தால், கட்டமைப்பு உடைவதற்கு முன் இறக்கை ஸ்டோல் ஆகிச் சுமையைக் கழற்றிவிடும். எடை 862 கிலோகிராமாகக் குறைந்தால் இந்த வேகமும் 90 நொட்டுக்கு இறங்குகிறது. பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். பாரம் குறைந்த விமானத்தைத்தான் காற்று அதிகமாகத் தூக்கியெறிகிறது. அதே இறக்கை, அதே காற்று, ஆனால் அசைக்கவேண்டிய திணிவு குறைவு. எஞ்சின் போன்றவற்றின் எடை குறைவதில்லை என்பதால் அவற்றைத் தாங்கும் சட்டங்களின்மேல் விழும் சுமை கூடுகிறது. எடையோடு மாறும் வேகம் என்பதால்தான் அதை ஒரு கோடாக வரைந்து வைக்க முடியவில்லை. அதனால் அதை விமானியின் கண்ணெதிரே ஒரு சிறு பலகையில் எழுதி ஒட்டிவைப்பது வழக்கம்.

இந்த வேகத்திற்குக் கீழே எப்படியும் இயக்கலாம் என்று கருதுவதும் தவறு. 2001 நவம்பர் 12ஆம் திகதி நியூயோர்க்கில் புறப்பட்ட எயார்பஸ் ஏ300 விமானத்தின் வால் செட்டை, அந்த எல்லைக்குக் கீழேயே, சுக்கானை இடமும் வலமுமாக மாறி மாறி முழுதாக மிதித்ததில் கழன்று விழுந்து 265 பேர் இறந்தார்கள். ஒரு திசையில் ஒருமுறை முழுதாக இயக்குவதற்கே அந்த எல்லை உத்தரவாதம் தருகிறது.

கேள்வி: நிறுத்திவைத்த விமானத்தின் இறக்கைக்குக் கீழே சிவப்பு நாடா தொங்கும் ஓர் உறையைப் பார்த்தேன். அது எதற்கு?
— நிலாவெளி வாசகர்

பதில்: அது பிற்றோ குழாயின் வாயை மூடும் உறை. நம் வீடுகளில் சாவித் துவாரத்திலும் மின்செருகியின் ஓட்டையிலும் ஈரமண்ணைக் கொண்டுவந்து அடைத்துக் கூடுகட்டும் குளவிக்கு, பென்சில் பருமனுள்ள அந்தத் துளை மிகவும் ஏற்ற இடம். குழாயின் வாயும் அடியிலுள்ள நீர்வடி துளையும் அடைபட்டுவிட்டால் உள்ளே ஒரே அமுக்கம் சிறைப்பட்டுவிடும். விமானம் மேலேற வெளியமுக்கம் குறையும்போது, வேகம் கூடாமலே முள் கூடிக்கொண்டு போகும். வாய் மட்டும் அடைபட்டு வடிதுளை திறந்திருந்தால் முள் பூச்சியத்திற்கு விழும். 1996 பெப்ரவரி 6ஆம் திகதி டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவில் புறப்பட்ட போயிங் 757 ஒன்று கடலில் விழுந்து 189 பேர் இறந்ததற்குக் குளவிக்கூடு அடைத்த பிற்றோ குழாயே பெரும்பாலும் காரணம் என்று விசாரணையில் கருதப்பட்டது. வேகம் மிகுந்துவிட்டதாகக் கருவி காட்ட, விமானத்தைத் தானே செலுத்தும் தானியங்கிக் கருவி மூக்கை உயர்த்தி அதை ஸ்டோலுக்குள் கொண்டுபோனது.

ஆகவே விமானி புறப்படுமுன் உறையைக் கழற்றித் துளையைக் குனிந்து பார்க்கவேண்டும். அடைப்பிருந்தால் வாயால் ஊதக்கூடாது. காற்றுவேகமானிக்குள் உள்ள மெல்லிய உலோக உறை கெட்டுவிடும், அதைத் திருத்துநரே சுத்தம் செய்யவேண்டும். ஓடுபாதையில் ஓடத் தொடங்கியதும் முள் பூச்சியத்தை விட்டு எழும்புகிறதா என்று பார்ப்பது அடுத்த காவல். எஞ்சின் முழங்க, பாதையோரம் வேகமாய்ப் பின்னோட, முள் மட்டும் அசையாது கிடந்தால், சக்கரங்கள் தரையில் உள்ளபோதே விசையைக் குறைத்து நிறுத்திவிடவேண்டும்.

கேள்வி: சீனக்குடாவுக்கு வரும் செஸ்னா காரவன் விமானத்தின் கருவியில் மஞ்சள் வில்லே இல்லை என்கிறார்கள். உண்மையா? சில விமானங்களில் நீலக் கோடும் உண்டாமே?
— நகர வாசகர்

பதில்: உண்மை. காரவன் 208பி விமானத்தில் பச்சை வில் 63இலிருந்து 175 நொட் வரை தொடர்ந்து சென்று சிவப்புக் கோட்டில் முடிகிறது. டர்பைன் எஞ்சின் விமானங்களுக்கு, எச்சரிக்கையோடு நுழையும் இடைப்பகுதி எதுவும் வைக்காமல், வழக்கமான பறப்பிலேயே மீறக்கூடாத ஒரே மேல்வரம்பை நிர்ணயிப்பார்கள்.

நீலக் கோடு இரட்டை எஞ்சின் சிறு விமானங்களுக்கு உரியது. ஓர் எஞ்சின் நின்றுவிட்டால், எஞ்சியதைக் கொண்டு மிக விரைவாக உயரம் பெறக்கூடிய வேகத்தை அது காட்டுகிறது. அதே கருவியில் கீழே இரண்டாவது சிவப்புக் கோடொன்றும் இருக்கும்; அதற்குக் கீழே வேகம் இறங்கினால், இயங்கும் எஞ்சின் ஒரு பக்கமாகத் தள்ளுவதைச் சுக்கானால் சமாளிக்க முடியாது.

பழைய விமானங்களில் பழகுபவர்கள் கருவியின் நடுவில் எழுதியிருக்கும் அலகையும் பார்த்துக்கொள்ளவேண்டும். 1970களின் நடுப்பகுதிக்கு முன் அமெரிக்காவில் கட்டிய பல சிறு விமானங்களில் எண்கள் நொட்டில் அல்ல, மணிக்கு மைலில் உள்ளன. செஸ்னா 150எல்லின் சிவப்புக் கோடு 162 என்றிருக்கும், நொட்டில் அது 141. அத்தகைய கருவிகளின் வில்கள் பெரும்பாலும் திருத்திய வேகத்தில் வரையப்பட்டவை என்பதால், முள் வில்லின் கீழ்முனையைத் தொடும்போதே விமானம் ஸ்டோல் ஆகும் என்று எண்ணிவிடாமல், அந்த விமானத்தின் கையேட்டிலுள்ள திருத்த அட்டவணையைப் பயிற்றுநரோடு உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.